சொந்தக் கதாபாத்திரத்தின் மேல் பாசம் வைத்துவிட்டவர்களுக்கு

நாவல் எழுத ஆரம்பித்து நான்கைந்து மாதம் ஆனதும் இது நடக்கும். பல் தேய்க்கும்போது, எங்கேயோ வரிசையில் நிற்கும்போது, யாரோ பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "இதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார்" என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடும். அவர் என்றால் வேறு யாருமில்லை, நீங்களே உட்கார்ந்து உண்டாக்கிய ஆள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவருக்குக் காய்ச்சல் வருகிறது என்றால் அன்றைக்கு முழுக்க உங்களுக்கும் மனசு சரியிருக்காது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். 2003இல் அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். தங்கள் பாத்திரங்கள் தாமாகவே பேசுகின்றன, தாமாகவே முடிவெடுக்கின்றன என்று ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்தவர்கள் அதில் 46 பேர். 2020இல் வெளிவந்த டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு 181 எழுத்தாளர்களைக் கேட்டது. 63 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்களின் குரல் கேட்பதாகச் சொன்னார்கள். ஆகவே உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பாசம் வந்தது நல்லதுதான், அது இல்லாமல் முந்நூறு பக்கம் தள்ள முடியாது. ஆனால் அந்தப் பாசம் கைப்பிரதிக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்பதைக் கவனிக்காவிட்டால் நாவல் கெட்டுப்போகும். எனக்குக் கெட்டுப்போனது.

என் இரண்டாவது நாவலில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் வருவார். முதல் அத்தியாயத்தில் நாயகியிடம் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரைப் பக்கத்தில் போய்விட வேண்டியவர். போகவில்லை. கடிகாரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் காதருகே வைத்துக் கேட்டார், அந்த ஒரு அசைவில் நான் விழுந்துவிட்டேன். அப்புறம் அவருக்கு ஒரு கடை வந்தது, ஒரு பழைய காதல் வந்தது, கடையை அடமானம் வைத்து ஏமாற்றுகிற மைத்துனன் வந்தான், நாயகி பாவம் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். முடித்ததும் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. கேட்டபோது சொன்னார்: "அந்தப் பெரியவர் ரொம்ப நல்லவரா இருக்கார். அதனால அடுத்த அத்தியாயத்தை எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம்னு வெச்சுட்டேன்."

அதைவிட மோசமான விமர்சனத்தை நான் இன்னும் வாங்கவில்லை. கீழே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது.

முதலில், எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

"நான் அவருக்குச் சலுகை காட்டவே இல்லை" என்றுதான் எல்லாரும் நினைப்போம். மனசைக் கேட்டால் தெரியாது, கைப்பிரதியைக் கேட்க வேண்டும். கணினியில் இருக்கும் தேடல் வசதியைத் திறந்து உங்கள் செல்லப் பாத்திரம் செய்யும் அசைவுகளைத் தேடுங்கள். நான் "மெல்லச் சிரித்தார்" என்று தேடினேன், 41 இடம் வந்தது. யார் என்ன சொன்னாலும், கடன்காரன் வந்து வாசலில் நின்றாலும், இந்த மனிதர் மெல்லச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். உங்களுடையவர் ஒருவேளை பெருமூச்சு விடுபவராக இருக்கலாம், ஜன்னல் வழியே வெளியே பார்ப்பவராக இருக்கலாம் (அத்தியாயக் கடைசியில் ஜன்னலோரம் நிற்கும் பாத்திரங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்). எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வசனங்கள். அவர் கலந்துகொள்ளும் வாக்குவாதங்களை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். கடைசி வார்த்தை யாருடையது? எல்லாவற்றிலும் அவருடையது என்றால் அங்கே பேசுவது நீங்கள், நிஜ வாழ்க்கையில் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தோன்றிய பதில்களையெல்லாம் அவர் வாயில் போட்டிருக்கிறீர்கள். மற்ற பாத்திரங்கள் அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள். மனிதர்கள் ஒருவர் இல்லாதபோது அவரைப் பாராட்டிக்கொண்டே இருப்பதில்லை. என் நாவலில் தெருவே அவரைப் பாராட்டியது.

ஆனால் இதெல்லாம் மேலோட்டமான ஒழுகல், ஒரு வாரம் உட்கார்ந்தால் திருத்திவிடலாம். ஆழமானது ஒன்று இருக்கிறது. அவருக்கு வந்த கஷ்டங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாரால் வந்தது என்று எழுதுங்கள். மைத்துனனால், அரசாங்கத்தால், மழையால், நோயால், விதியால் என்று எழுதிக்கொண்டே போய், "அவராலேயே" என்று ஒரு இடத்தில்கூட எழுத முடியவில்லை என்றால் அங்கேதான் நாவல் படுத்துவிட்டது. வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கிக்கொண்டு நிற்பவர் மேல் வாசகருக்கு இரக்கம் வரும், இரக்கம் இருபது பக்கத்துக்கு மேல் தாங்காது. தன் கையாலேயே ஒன்றைக் கெடுத்துக்கொண்டு, அது தெரிந்தும் நிறுத்த முடியாமல் இருப்பவரைத்தான் பக்கம் புரட்டிப் பார்ப்பார்கள்.

அவரைப் பிடிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

இதுதான் நான் கண்டதில் அதிகம் பலன் தந்த பயிற்சி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கதையிலேயே அவரைச் சகித்துக்கொள்ள முடியாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வில்லன் வேண்டாம், வில்லனுக்குக் காரணம் இருக்கும், அது எளிது. கூட வேலை பார்க்கும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர், மருமகள், இப்படி நியாயமான, நல்ல மனசுள்ள ஒருவர். அவர் குரலில், "நான்" என்று தன்மையில், இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் செல்லத்தோடு அவர் கழித்த ஒரு சாதாரண நாள். திட்ட வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும்.

நான் கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனின் குரலில் எழுதினேன். அரைப் பக்கத்துக்கு மேல் வராது என்றுதான் நினைத்தேன். ஆனால் பையன் பேச ஆரம்பித்தான். தான் மூன்று நிமிடம் தாமதமாக வந்தால் பெரியவர் திட்டமாட்டார், கடையில் இருக்கும் எல்லாக் கடிகாரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்வார், அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார் என்றான். நான் எதை அவருடைய நேர ஒழுக்கம் என்று பத்துப் பக்கம் சிலாகித்திருந்தேனோ அது அந்தப் பையனுக்கு வதை. இரண்டு வருடம் அப்படி வதைபட்டவன்தான் பின்னால் மைத்துனனுக்குச் சாவியை எடுத்துக் கொடுக்கிறான் என்று அந்த இரண்டாம் பக்கத்தின் முடிவில் எனக்கே தெரிந்தது. கடை போனதற்குக் காரணம் மைத்துனன் மட்டும் இல்லை. இந்த இரண்டு பக்கம் நாவலில் வரவில்லை, ஆனால் நாவல் அதிலிருந்துதான் மறுபடி எழுந்தது.

ஒரு ஆச்சரியம், அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் பாசம் குறையவில்லை, கூடியது. அதற்கு முன்னால் எனக்கிருந்தது ரசிகர் மன்றத்துப் பாசம்.

அவர் "மாட்டேன்" என்று சொன்னால்

எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாசகம்: "என் பாத்திரம் நான் நினைத்த வழியில் போகமாட்டேன் என்கிறது." சொல்லும்போது முகத்தில் லேசான பெருமை இருக்கும். மேலே சொன்ன டர்ஹாம் ஆய்விலும் 61 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்கள் சுயமாக நடந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையான அனுபவம், கேலி செய்யவில்லை. ஆனால் மாட்டேன் என்பது பாத்திரமா, அல்லது அவரை வேதனைப்படுத்தப் பயந்துகொண்டு நீங்கள் அவர் குரலில் பேசுகிறீர்களா என்பது அந்த நேரத்தில் தெரியாது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் கேட்கும்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அவர் மறுத்ததால் அவருடைய நிலைமை சிக்கலாகிறதா, சுலபமாகிறதா? நீங்கள் அவர் மன்னிப்புக் கேட்பதாகத் திட்டமிட்டிருந்தீர்கள், அவர் கேட்கமாட்டேன் என்கிறார், அதனால் மகள் வீட்டுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்றால் அவர் பின்னாலேயே போங்கள், திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். அவர் திருடுவதாகத் திட்டமிட்டிருந்தீர்கள், "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று தோன்றுகிறது, திருடாததால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றால் சந்தேகப்படுங்கள். பத்தில் எட்டு முறை அது உங்கள் குரல்தான். திருட வைத்துவிட்டு, திருடிய பொருளை அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதில்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியும்.

பாசத்தைக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும். ஒருவர் மேல் கொட்டினால் மற்றவர்கள் அட்டைப் பொம்மைகளாகிவிடுவார்கள். வில்லனோடு ஒரு மாலை உட்காருங்கள். அவன் எதைச் சுத்தமாகச் செய்வான், யாரிடம் மட்டும் பொய் சொல்லமாட்டான், எதற்கு வெட்கப்படுவான் என்று மூன்று விஷயம் தெரிந்தால் போதும். என் மைத்துனன் பாத்திரம் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்பவன், காலரில் மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வான். இதைக் கண்டுபிடித்த பிறகு அவனை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை, அவன் வரும் காட்சிகளில் எனக்கே யார் ஜெயிக்க வேண்டும் என்று தெரியாமல் போனது. அது நல்ல குழப்பம்.

(இதற்கு நேர்மாறான பிரச்சினையும் சிலருக்கு உண்டு, நாயகன் மேல் பாசமே வராது. அவரை ஒரு வேலை செய்ய விட்டுக் கைகளை மட்டும் எழுதிப் பாருங்கள். கொள்கைகளைப் பார்த்து யார் மேலும் பாசம் வராது, பூட்டோடு மல்லுக்கட்டும் விரல்களைப் பார்த்தால் வரும்.)

கொல்ல வேண்டி வந்தால்

பாசத்தால் கொல்லாமல் விடுவது ஒரு தவறு, சலிப்பால் கொன்றுவிடுவது இன்னொரு தவறு. தன் மற்ற எழுத்துகளை ஷெர்லக் ஹோம்ஸ் மறைக்கிறார் என்று கானன் டாயில் அவரை 1893 டிசம்பரில் ஒரு அருவியில் தள்ளிவிட்டார், பாத்திரத்தின் மேல் பாசம் தீர்ந்துபோன எழுத்தாளர் செய்த வேலை அது. வாசகர்கள் விடவில்லை. 1901இல் மரணத்துக்கு முந்தைய கதை என்ற கணக்கில் ஒரு நாவல் வந்தது, 1903இல் ஆளே உயிரோடு திரும்பிவிட்டார், அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் டாயில் அவரோடு குடித்தனம் நடத்தினார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரலோப் கதை. அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் மிஸஸ் பிரவுடி என்ற அதிகாரம் பிடித்த பெண்மணியைப் பற்றி இரண்டு பாதிரிமார்கள் லண்டனில் ஒரு கிளப்பில் அலுத்துக்கொள்வது அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய், நான்தான் எழுதியவன், ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார், சொன்னபடி செய்தார். பின்னால் சுயசரிதையில், செய்ததை நினைத்துச் சில சமயம் வருத்தப்பட்டதாகவும், அவள் ஆவியோடு இன்னும் பழகிக்கொண்டிருப்பதாகவும் எழுதினார். யாரோ இரண்டு பேர் அலுத்துக்கொண்டதற்காக ஒருவரைத் தீர்த்துக்கட்டினால் அப்படித்தான் ஆகும்.

ஆகவே கொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. அவர் போன பிறகு மிச்சமிருப்பவர்களில் யாருடைய நாள் மாறுகிறது? ஒருவருடைய நாளும் மாறவில்லை என்றால் கொல்லாதீர்கள், ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, இந்த மரணத்தை எழுத நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்களா? ஆம் என்றால் அநேகமாக அது தேவையான மரணம். வரிசையெல்லாம் பார்க்காமல் நாளைக்கே அந்தக் காட்சியை எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தால், முந்தைய ஐம்பது பக்கமும் பிரிவு உபசார விழா மாதிரி ஆகிவிடும். எல்லாரும் அவரிடம் வந்து நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள், வாசகருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

எழுதும்போது அழுகை வந்தால் அழுங்கள். 'மதாம் பொவாரி' நாவலின் நாயகி எம்மா பொவாரி விஷம் குடிக்கும் இடத்தை எழுதும்போது தன் வாயில் ஆர்செனிக் விஷத்தின் ருசி தெரிந்ததாகவும், சாப்பிட்டது வாந்தியாக வந்ததாகவும் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேர் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களில் ஃப்ளாபேர் எங்கும் விம்மவில்லை. மேஜையில் அழுதுவிட்டு, தாளில் பொருள்களை மட்டும் எழுதுங்கள். என்ன மணி, கட்டில் எந்தப் பக்கம், யார் செருப்பு வெளியே கிடந்தது, அடுப்பில் என்ன இருந்தது. "பாவம்", "ஐயோ", "அந்த நல்ல மனிதர்" என்ற மூன்றும் அந்தக் காட்சியில் வரக்கூடாது என்று வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

படிக்கக் கொடுக்கும்போது

"உனக்கு அவரைப் பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அது உங்கள் குழந்தைக்குப் பெயர் எப்படி என்று கேட்பது மாதிரி. "எந்த இடத்தில் அவர்மேல் எரிச்சல் வந்தது?" என்று கேளுங்கள். ஒரு இடமும் இல்லை என்று பதில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், என் நண்பர் மூன்று வாரம் கீழே வைத்த கைப்பிரதியை நினைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்த பக்கத்தைக் குறித்துக் கொடுத்தால், அந்தப் பக்கத்தைத் திருத்த ஓடாதீர்கள். அங்கே அவர் உயிரோடு இருக்கிறார்.

வெட்டின காட்சிகளை அழிக்க வேண்டாம். "கொசுறு" என்று ஒரு கோப்பு வைத்துக்கொண்டு அதில் போட்டுவிடுங்கள். தூக்கி எறிவதில்லை என்று தெரிந்தால் கை தைரியமாக வெட்டும். என் கொசுறில் கடிகாரக்காரர் மட்டுமே எழுபது பக்கம் இருக்கிறார், பழைய காதல் மொத்தமும் அங்கேதான். அதைப் போய்த் திரும்பப் படித்ததே இல்லை.

முடித்த பிறகு

கடைசி வரியை எழுதிய அன்று சந்தோஷமாக இருக்கும், நான்காம் நாள் வீடு காலியானது மாதிரி இருக்கும். அப்போதுதான் இரண்டாம் பாகம் எழுதும் யோசனை வரும். அந்த யோசனை வந்த தேதியைக் குறித்து வைத்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருங்கள். அதற்குப் பிறகும் அவரைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி மிச்சமிருந்தால் எழுதலாம், ஏக்கம் மட்டும் மிச்சமிருந்தால் வேண்டாம்.

கேள்வியோடு திரும்பிப் போனதற்கு ஜெயகாந்தனைச் சொல்லலாம். 1966இல் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண் அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள்; நடந்ததை அறிந்த தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி எல்லாம் போய்விட்டது என்று விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள். பெரிய சர்ச்சை. அந்தத் தாய் அப்படி மூடி மறைக்காமல், விஷயம் வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று கேட்டுக்கொண்டு அவர் போனார், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் கிடைத்தது. கல்கி வேறு மாதிரி. 1950லிருந்து 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன் முடிந்ததும், இவர் என்ன ஆனார், அவர் யாரை மணந்தார் என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் ஒரு முடிவுரையில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். உங்களுக்குள் இருக்கும் ஏக்கத்துக்கு இந்த இரண்டாவது வழி ரொம்ப உதவும். யாருக்கும் காட்டாத ஒரு பக்கம் எழுதுங்கள்: நாவல் முடிந்த பிறகு அவர் எங்கே குடியிருக்கிறார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், யார் வந்து பார்க்கிறார்கள். எழுதி, கொசுறில் போட்டு மூடுங்கள்.

அடுத்த நாவலில் அவரை ஒரு ஓரமாக நடக்கவிட ஆசை வரும், எல்லாருக்கும் வரும். தப்பில்லை, ஒரு வரி அனுமதி. நான் இப்போது எழுதுவதில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் கேட்கிறார். பேர் போடவில்லை, எங்கே போகிறார் என்றும் சொல்லவில்லை, பஸ் வந்ததும் நாயகன் ஏறிப் போய்விடுகிறான். இரண்டாவது வரி எழுதக் கை போனால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.